இராயபுரத்துக் கோயிலும் நம்பிக்கை என்னும் சொல்லும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறித்தவக் கோயில்களில் நிகழும் பிரசங்கங்களைப் பற்றிப் பேசலாமென்று எண்ணுகின்றேம் என யாம் சொன்னபொழுது, நம் காரியதரிசி அவர்கள் சற்றே வியந்து, "ஐயா தேவாரம் ஓதுகிறவராயிற்றே, அந்தப் பக்கம் எப்போது போனீர்கள்?" என்று கேட்டார்கள். வினா நியாயமே. யாம் சைவ மரபிற் பிறந்து, புலவர் தேர்வெழுதித் தொண்டையார்ப்பேட்டையில் இருபதாண்டுகளாகச் சிறுவர்க்கு நன்னூல் கற்பித்து வருகின்றேம். எமக்கு வேறு சமயத்தில் ஆசையும் இல்லை, பகையும் இல்லை. எம்மோடு பணியாற்றும் கணக்காசிரியர் ஒருவர் கிறித்தவர். அவர் வீட்டுத் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று யாம் சென்ற கோயில்கள் பல. அங்கே பின்வரிசையில் அமர்ந்து கேட்ட பிரசங்கங்களும் பல. தமிழாசிரியன் செவி எங்கிருந்தாலும் சொல்லையே பிடிக்கும். அவ்வாறு பிடித்த சொற்கள் சிலவற்றையும், அவை எம்மை இட்டுச்சென்ற இடத்தையும் இன்று கூறுவதற்கு எழுந்தேம். இறுதியில் நம் சங்கத்தின் காரியம் ஒன்றும் இதில் உண்டு. ஆதலால் வேற்றார் கதையென்று எண்ணாது கேட்குமாறு வேண்டுகின்றேம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிறித்தவப் பிரசங்கியார் வாயில் மிகுதியும் பயிலும் சொல் விசுவாசம் என்பது. இது வடசொல். நம் வகுப்பிலே இச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுமின் என்றால், பத்துப் பிள்ளைகளில் எண்மர் "நாய் விசுவாசமுள்ள பிராணி" என்றே எழுதுவர். நாயினிடத்து நாம் காணும் விசுவாசம் வேறு, பிரசங்கியார் கூறும் விசுவாசம் வேறு என்று அப்பிள்ளைகளுக்கு விளக்க யாம் முயன்றதுண்டு. பவுல் என்னும் அடியவர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய திருமுகத்தில் மூன்று குணங்களைச் சேர்த்துச் சொல்லுகின்றார். சீர்திருத்தச் சபையாரின் பழைய வேதப் பெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என நிற்கின்றன. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுப் பெயர்ப்பில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாறின. முன்னதில் இரண்டாமிடத்து நின்ற நம்பிக்கை பின்னதில் முதலிடத்துக்கு ஏறிவிட்டது! ஒரே ஊரில் ஒரே தெருவில், ஒரு கோயிலில் ஒரு பொருளையும் அடுத்த கோயிலில் வேறொரு பொருளையும் அச்சொல் சுமந்து நிற்கின்றது. கேட்பவர் குழம்புவதில்லை என்பது வியப்பே. ஏனெனில் அவர் செவியில் இரண்டும் ஒன்றே.

எமக்கோ இம்மாற்றம் உவப்பாகவே தோன்றுகின்றது. காரணம் தொல்காப்பியம். உரியியலிலே ஆசிரியர் நம்பு என்னும் உரிச்சொற்கு நசை என்று பொருள் கூறினார். நசையாவது விருப்பம், பற்று. எனவே பண்டைத் தமிழர்க்கு நம்புதல் என்பது ஒரு செய்தியை மெய்யென ஒப்புக்கொள்ளுதல் அன்று; ஒருவரை விரும்பிச் சேர்தல். 'நான் அதை நம்புகிறேன்' என்பதற்கு முன்னே 'நான் அவரை நம்பியிருக்கிறேன்' என்பது உளது. நம்பியிருத்தல் என்னும் தொடரையே எண்ணிப் பாருங்கள். அதில் இருத்தல் உண்டு, இடம் உண்டு, அண்டி வாழ்தல் உண்டு. கடலோரத்துத் தாய்மார் "உன்னை நம்பித்தானே இருக்கிறோம்" என்று மகனிடம் கூறுங்கால் எந்தக் கோட்பாட்டையும் கூறவில்லை.

கத்தோலிக்கர் வழக்கில் மற்றொரு சொல் இதனினும் எம்மைக் கவர்ந்தது. ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதியை அவர்கள் பங்கு என்பர். அக்குரு பங்குத்தந்தை, அங்கு வாழ்வோர் பங்குமக்கள். பங்கு என்பது யாது? மீன் பிடித்துக் கரையேறினவுடன் வலைக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதும் பங்கே. காசிமேட்டில் பங்கு என்றால் முதலில் இதுவே நினைவுக்கு வரும். இச்சொல்லைக் கோயிலுக்கு முதன்முதல் வைத்தவர் எப்பொருளில் வைத்தாரோ, கடற்கரையில் நின்று கேட்கும்பொழுது அது 'உனக்கு இங்கே ஒரு பங்கு உண்டு' என்றே ஒலிக்கின்றது.

இனி இராயபுரத்துக்கு வருவோம். இயேசுவின் முதற்சீடராகிய பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும் வழங்கினர். பேதுரு என்னும் பெயர்க்குப் பாறை என்றும், பவுல் என்பதற்குச் சிறியவர் என்றும் பொருள். சின்னப்பர் என்னும் பெயரின் அழகை யாம் சொல்ல வேண்டியதில்லை. தெலுங்கில் கல்லை ராயி என்பர். இராயப்பர் என்னும் பெயரில் அவ்வொலி கேட்பது இயல்பே. அந்த இராயப்பர் பெயராலேயே இராயபுரம் என்று ஊர்ப்பெயர் எழுந்தது என்பர். ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் நாள் அவ்விருவர்க்கும் திருநாள்.

இராயப்பர் கோயிலைக் கட்டியவர் பெருஞ்செல்வரும் அல்லர், கவர்னரும் அல்லர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சென்னைக் கடலில் படகு தள்ளிப் பிழைத்த கிறித்தவ மக்கள் தம் உழைப்பிலிருந்து சேர்த்த பொருளாலேயே அக்கோயில் எழுந்தது. அவர்கள் தொழில் எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர் அறியார். ஆதலின் சற்று விரித்துக் கூறுவேம்.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே வரிவரியாக எழுந்து உடையும் அலை. அவ்வலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவருவதற்கு ஐரோப்பியர் படகு உதவவில்லை; ஆணியடித்த பலகை அவ்வலையின் அடியில் பிளந்துபோகும். நம்மவர் படகோ ஆணியே இல்லாதது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்தது. மசூலாப் படகு என்பர், சலங்கு என்றும் கூறுவர். அலை மோதுங்கால் அது எதிர்த்து நில்லாது. வளையும், நெளியும், நீரைச் சற்று உள்ளே விட்டு மீண்டும் நிமிரும். துடுப்பு வலிப்போர் பலர், பின்னே சுக்கான் பிடிக்கும் தண்டேல் ஒருவர். படகு கவிழ்ந்தால் மூழ்குவோரை எடுக்கக் கட்டுமரக்காரர் உடன் செல்வர். எத்துணைப் பெரிய துரையாயினும், அந்த அரை நாழிகை அவர் உயிர் இத்தண்டேலின் கையில். அவர் வேதமும் தண்டேலின் வேதமும் ஒன்றாயினும் வேறாயினும் அலைக்கு அது தெரியாது.

1861-இல் இரும்புப் பாலமொன்று கடலுக்குள் நீண்டது. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிற்று, 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, பின்னும் கட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தின் வாயிலையே வடகிழக்காக மாற்றியமைத்தனர். கப்பல் கரையோடு வந்து அணைந்தபின் தைத்த படகுக்கு என்ன வேலை? தொழில் போயிற்று, படகும் போயிற்று, கோயில் நிற்கின்றது. பிறர் உயிரைச் சுமந்தவர் தம் கூலியால் எழுப்பிய கோயில் அது என்பதை அவ்வழியே செல்லும் பேருந்திலிருந்து நோக்கும்பொழுதெல்லாம் யாம் நினைப்பதுண்டு.

ஒரு திருநாளன்று அப்பகுதியில் வேறொரு சிறு கோயிலில் யாம் கேட்ட பிரசங்கத்தை இங்குச் சொல்லவேண்டும். பேசியவர் உபதேசியார் ஒருவர், படித்தவர் அல்லர், ஒலிபெருக்கியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். (இதற்காகவே அவரை யாம் மதிக்கின்றேம். இப்போதைய பிரசங்கியார் சிலர் ஐம்பது பேர் இருக்கும் அறையில் ஐயாயிரம் பேர்க்குரிய ஒலியைப் பெருக்கி, எல்லாரும் ஏககாலத்தில் அழவேண்டுமென்று எதிர்பார்க்கின்றனர்.) அவர் எடுத்துக்கொண்ட கதை பேதுரு கடல்மேல் நடந்த கதை. சீடர்கள் படகில் இருக்கின்றனர்; எதிர்க்காற்று; இரவின் கடைச் சாமம்; இயேசு நீர்மேல் வருகின்றார்; பேதுரு படகை விட்டிறங்கி நடந்து, காற்றைக் கண்டு அஞ்சி, அமிழத் தொடங்குகின்றார்; இயேசு கைநீட்டிப் பிடிக்கின்றார். இதுவரை எல்லாரும் சொல்வதே. "விசுவாசம் குறைந்ததால் அமிழ்ந்தான், ஆகவே நீங்கள் விசுவாசத்தில் குறையாதிருங்கள்" என்று முடித்துவிடுவது பிரசங்கியார் வழக்கம். யாம் இதை ஏழெட்டு முறையேனும் கேட்டிருப்பேம்.

உபதேசியார் அங்கே முடிக்கவில்லை. "பிடித்த கை அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கரைக்கா? இல்லை. படகுக்கு. அவரோடு படகில் ஏறினபிறகுதான் காற்று அமர்ந்தது என்று எழுதியிருக்கிறது. தனியே நடக்கிற பெருமையைக் காட்டவா கூப்பிட்டார்? திரும்ப மற்றவர்களோடு உட்காரவைக்கத்தான்" என்றார். எம் அருகே அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவர் தமக்குத்தாமே, "ஆமாம், கரை ஏறினா அவனவன் வீட்டைப் பார்த்துப் போயிடுவான்" என்றார். கடல் தெரிந்தவர்க்கு அன்றி அவ்வுரை தோன்றாது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் ஒருங்கே துன்பம் தரும் என்றார். அரசன் அமைச்சனைத் தெரிதற்கு அது தக்கதே. ஆயினும் படகில் இருப்பவன் அருகிலிருப்பவனைத் தெரிந்து தெளிவதற்கு அலை காத்திருப்பதில்லை. அங்கே நம்பிக்கை முன்னும் தெளிவு பின்னுமாக வருகின்றன.

நம்பி ஒப்படைத்தல் எப்பொழுதும் நன்றாக முடியும் என்று யாம் கூறவரவில்லை. வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் என்னும் ஜெர்மானியக் குருவை நினையுங்கள். 1740-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, வேதத்தைத் தமிழிற் பெயர்த்து, 1779-இல் தமிழ் ஆங்கில அகராதியும் அச்சிட்டவர். அவர் ஆக்கித் தந்த பாட்டுக்களை லுத்தரன் கோயில்களில் இன்றும் பாடுகின்றனர்; புரசைவாக்கத்தில் அவர் பெயராற் பள்ளியும் உண்டு. அத்தகைய நல்லவரிடம் பலர் தம் பணத்தை நம்பி வைத்தனர். அவரோ அதைப் பிறரை நம்பிக் கடனாகக் கொடுத்தார், பணம் திரும்பவில்லை, முதுமையிற் கடனுக்காகச் சிறையும் புகுந்து, 1791-இல் மறைந்தார். திருடர் அல்லர்; தமக்கென ஒன்றும் சேர்த்தவர் அல்லர். கணக்குப் பார்க்க இன்னொருவர் இல்லாதிருந்ததே பிழை. கோயில் பணத்தையும் சங்கப் பணத்தையும் கையாளும் நாம் இக்கதையை அறிந்திருத்தல் நன்று.

சாதியைப் பற்றியும் ஒரு சொல். இச்சபையில் அதனைக் கூறாது விடல் கோழைமை. 1833-இல் கல்கத்தாவிலிருந்த தானியேல் வில்சன் என்னும் பேராயர், கோயிலினுள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமெனத் திருமுகம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதற்கு இணங்காது கோயிலை விட்டு விலகினர். வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரு கிளையாகக் கோயில் கட்டி, ஒரு சாதியார் ஒருபுறமும் மற்றச் சாதியார் மறுபுறமுமாக அமர்ந்தனர். அத்தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒரே அப்பத்தை உண்கின்றோம் என்று பிரசங்கம் கேட்டவர்களே இவ்வாறு செய்தனர். எங்கள் சமயத்தில் இதனினும் கொடியவை உண்டு. ஆதலால் சிரிப்பதற்கு எமக்கு வாயில்லை.

இனி எம் சொந்தக் கதை. சொல்ல நா எழவில்லையாயினும் சொல்லியாக வேண்டும்.

எம் பெரிய தந்தையார் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பு கிறித்தவம் தழுவிற்று. எண்ணூர்ப் பக்கம் வாழ்கின்றனர். அவ்வீட்டுப் பெரியம்மையார் ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில் காலஞ்சென்றார்கள். எம் அண்ணனார், அஃதாவது அவ்வம்மையார் மகன், ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாயிருந்து, வேலை நின்று பத்து மாதம் ஆகியிருந்தது. அடக்கத்துக்குக் குழி கேட்கச் சென்றவரிடம், மூன்றாண்டுச் சந்தா நிலுவை உளது, அதைக் கட்டி இரசீது கொண்டுவந்தால் மட்டுமே கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று கோயிற் பொறுப்பாளர் கூறிவிட்டனர். அக்கோயிலின் பெயர் வேண்டா. இரவு முழுதும் மழை. வாசலிற் கட்டிய தார்ப்பாய் நீர் தேங்கித் தொங்க, அதைக் கழியால் தூக்கித் தூக்கி நீரை வடித்துக்கொண்டே நாங்கள் பிணத்தருகே இருந்தோம். விடியுமுன் ஒருவர் குடையின்றி நனைந்து வந்தார். மேலே கூறிய உபதேசியாரே. தாம் வேறு கோயிலைச் சேர்ந்தவராயினும் செய்தி கேட்டு, பாதிப் பணத்தைத் தம் மடியிலிருந்து எடுத்துவைத்தார். மீதியை அக்கம்பக்கத்தார் சேர்த்தனர். அவருள் முகமதியரும் இருந்தனர். பதினொரு மணிக்கு அடக்கம் நடந்தது. அன்று அங்கே நிகழ்ந்த பிரசங்கம், நாமெல்லாம் ஒரே உடலின் உறுப்புக்கள் என்பதைப் பற்றியது. நல்ல தமிழ். எமக்குச் செவி ஏறவில்லை.

எமக்குச் சினம் மிகுந்தது. வீடு திரும்பும் வழியில் அண்ணனாரிடம், "இப்படிப்பட்ட இடத்தில் ஏன் இருக்கிறீர்கள்?" என்றேம். அவர் நிதானமாக, "தம்பி, போன ஆவணியில் உங்கள் சங்கத்துக்கும் வந்தேனே" என்றார்.

வந்தார். உண்மை. தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நம் சங்கத்துக்கு மனுச் செய்தார். கல்வியுதவிக் குழுவில் ஐவர் இருந்தோம். சங்க விதிகளில், நம் குலத்தைச் சார்ந்தவர் என்று மட்டுமே உளது. சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், 'சமயம் மாறியவர்க்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும், அவர்களுக்குச் சபை இருக்கிறது' என்று ஒருவர் கூறினார்; மற்றவர் தலையசைத்தனர். மனுவின் ஓரத்தில் 'ஏற்பதற்கில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்ட ஐவருள் யாமும் ஒருவர். உறவினர் மனுவாதலால் பாரபட்சம் என்று பிறர் கூறுவரோ என்னும் அச்சம் எமக்கு இருந்தது; அதை நேர்மை என்று எமக்கு யாமே பெயரிட்டுக்கொண்டேம். அப்பெண் அவ்வாண்டு கல்லூரியிற் சேரவில்லை. மறு ஆண்டு சேர்ந்தாள். பணம் யார் தந்தது என்று யாம் கேட்கவில்லை, அவர்களும் கூறவில்லை.

கோயில் இரசீதைக் கேட்டது. சங்கம் திருநீற்றைக் கேட்டது. வேறுபாடு என்னவென்று யாம் பன்முறை எண்ணிப் பார்த்தேம். கோயில் பணம் வந்தவுடன் குழி தந்தது. சங்கம் எது வந்தால் தந்திருக்கும் என்பதை இன்னும் எம்மால் உறுதியாகச் சொல்லக்கூடவில்லை.

நம் பெயர்ப்பட்டியலைச் சென்ற கிழமை எடுத்துப் புரட்டினேம். பழைய ஏடுகளில் அந்தோணி, சூசை, இராயப்பன், மரியம்மாள் என்னும் பெயர்கள் கந்தன், வேலாயுதம் என்பவற்றோடு கலந்தே நிற்கின்றன, சந்தாவும் கட்டியிருக்கின்றனர். பின்னர் வந்த ஏடுகளில் அப்பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோயின. யாரும் அவர்களை நீக்கியதாகத் தீர்மானம் இல்லை. அவர்கள் விலகியதாகக் கடிதமும் இல்லை. நாம் அழைக்கவில்லை, அவர்கள் வரவில்லை, அவ்வளவே. தைத்த படகில் கயிறு இற்றுப்போவது இவ்வாறுதான் என்று பழைய மீகாமர் கூறுவர். அறுந்த ஓசை கேட்பதில்லை, நீர் ஏறியபின்பே தெரியும்.

ஒருவர் எழுந்து, "சமயம் போனபின் குலம் ஏது?" என்று வினவக்கூடும். வினவட்டும். அவ்வாறாயின் விதிகளில் அதை எழுதி, வெளிப்படையாக வாக்கெடுத்து, அம்மக்களுக்குக் கடிதம் விடுத்துச் சொல்லிவிடுவோம். விதியில் இல்லாததை மனுவின் ஓரத்தில் எழுதுவது முறையன்று. எம் கருத்து யாதெனில், பொங்கல் விருந்துக்கும் பிணத்துக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் நிற்கும் மக்கள் கல்விக்கும் நிற்கலாம் என்பதே. நம் முன்னோர் கூலியில் எழுந்த கோயில் ஒன்று இராயபுரத்தில் நிற்க, அவர் மக்களுக்கு நம் ஏட்டில் ஒரு வரி இல்லையென்பது எமக்கு நாணமாயிருக்கின்றது.

ஆகவே இரு வேண்டுகோள்கள். கல்வியுதவிக் குழு சென்ற ஐந்தாண்டுகளில் இக்காரணம் கொண்டு மறுத்த மனுக்களை மீண்டும் எடுத்து நோக்கவேண்டும். எம் கையொப்பமிட்ட மனுவை முதலில் எடுக்கவேண்டும், அதனை நோக்குங்கால் யாம் குழுவில் இருத்தல் கூடாது. இரண்டாவது, பழைய ஏட்டிலுள்ள அப்பெயர்களின் வழித்தோன்றல்கள் எங்குள்ளனர் என்று இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் விசாரிக்க நால்வர் வேண்டும். ஞாயிறு காலை பூசையும் ஆராதனையும் முடிந்து அவர்கள் வெளிவரும் நேரமே தக்கது. யாம் ஒருவர் செல்கின்றேம். மற்ற மூவர் பெயரைக் காரியதரிசி அவர்கள் இப்பொழுதே எழுதிக்கொள்ளலாம். ஏட்டை யாம் கொண்டுவந்திருக்கின்றேம், மேசைமேல் உளது.